கல்திட்டையா, தாழியா: பெருங்கற்காலச் சின்னங்களைக் காண வழி தேர்தல்

தென்னிந்தியாவின் பெருங்கற்காலச் சின்னங்களைச் சாலை வழியே சென்று காண விரும்புவோர் பொதுவாக, நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறும் அகழாய்வு ஊர்களை வரிசைப்படுத்தி, அவற்றை நிலப்படத்தில் கோடிட்டு இணைத்துக்கொண்டு புறப்படுகின்றனர். இவ்வாறு செல்வோர் ஏமாற்றமடையவே வாய்ப்பு மிகுதி. ஏனெனில் அகழாய்வால் பெயர்பெற்ற இடங்களில் கிடைத்த பொருள்கள் அருங்காட்சியகத்துக்கோ ஆய்வகத்துக்கோ சென்றுவிட, குழிகள் பெரும்பாலும் பாதுகாப்புக் கருதி மீண்டும் மண்ணிட்டு மூடப்பட்டிருக்கும். மாறாக, செய்திகளில் அரிதாகவே பேசப்படும் பாறைக்குன்றுகளில், ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் கற்கட்டடங்களைக் கையால் தொடும் தொலைவில் காணலாம். ஆகவே வழியைத் தேர்வதற்கு முதல் அளவுகோல், ஊரின் புகழைக் காட்டிலும், அங்கே போய் நிற்பவருக்கு நிலத்தின்மேல் என்ன தெரியும் என்பதே.

இதைக் கணிப்பதற்குச் சின்னங்களின் வகைகளை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். நான்கு புறமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து நிலத்துக்குமேல் எழுப்பிய அறை கல்திட்டை எனப்படும். அதே அமைப்பு மண்ணுக்குள் புதைந்திருந்தால் அது கல்பதுக்கை. இவ்விரண்டிலும் ஒரு பக்கக் கல்லில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், வட்டமான துளை இடப்பட்டிருப்பதுண்டு. இதனை ஆய்வாளர் இடுதுளை என்பர். புதைகுழியைச் சுற்றி உருண்டைக் கற்களைப் பரப்பி அமைத்தது கல்வட்டம். தனித்து நிறுத்தப்பட்ட நெடிய கல் குத்துக்கல். இறந்தோரின் எலும்புகளையும் படையற்பொருள்களையும் இட்டுப் புதைத்த பெரிய மட்கலம் முதுமக்கள் தாழி. கால்கள் பொருத்திச் சுட்ட மண்ணால் செய்யப்பட்ட நீண்ட தொட்டி ஈமப்பேழை. வி. டி. கிருஷ்ணசாமி 1949ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியப் பெருங்கற்சின்ன வகைப்பாடு இத்தகைய பிரிவுகளுக்கு ஒழுங்கு தந்தது. எந்த வகை எங்கே கிடைக்கும் என்பதில் நிலவியலுக்குப் பெரும் பங்குண்டு: கருங்கல் பாறைகள் வெப்பத்தால் தாள்தாளாகப் பிளவுறும் கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளில் பலகைக்கல் எளிதாகக் கிடைத்தமையால் கல்திட்டைகள் பெருகின, வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட இறுகும் செம்புரைக்கல் நிறைந்த கேரளத்தில் கல்லைக் குடைந்தும் செதுக்கியும் அமைத்த சின்னங்கள் தோன்றின, தாமிரபரணிக் கரையின் சரளை மேடுகளில் தாழிகளே மிகுந்தன. பயணி எந்தக் கல்லின் நாட்டுக்குப் போகிறார் என்பதை அறிந்தாலே காணப்போவதில் பாதியை ஊகித்துவிடலாம்.

நிற்கும் கட்டடங்களையே காண விரும்புவோருக்கு முதலில் பரிந்துரைக்கத்தக்கது கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம். இங்குள்ள மொட்டைப் பாறைக்குன்றின்மீது கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றுட் சில, நடுவறையைச் சுற்றி மேல்விளிம்பு வளைவாகச் செதுக்கப்பட்ட பலகைகளை மலர் இதழ்போல் அடுக்கி நிறுத்திய அமைப்புடையவை. இம்மாவட்டத்துக் கல்திட்டைகள் சிலவற்றின் உட்சுவர்களில் வெண்ணிற ஓவியங்களும் உள்ளன. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நெடுஞ்சாலை நேராகக் கிருஷ்ணகிரிக்கு வருவதால் சென்று சேர்தல் எளிது; கடைசித் தொலைவே கடினமானது. திருவண்ணாமலை வழியாகத் திரும்புவோர், மோட்டூரில் கல்வட்டத்தோடு நிற்கும், தோள்போல் வளைந்த மேற்பகுதியுடையதும் முகம் செதுக்கப்படாததுமான மனிதவுருக் கற்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். மோட்டூர் என்னும் பெயரில் வட தமிழகத்தில் ஊர்கள் பல இருப்பதால், கைப்பேசி நிலப்படத்தில் பெயரை மட்டும் இட்டுத் தேடினால் வேறொரு மோட்டூருக்குப் போய்ச் சேர நேரும்; வட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுவதே தக்கது. ஊருக்குள் வழி கேட்கும்போது கல்திட்டை என்றால் பலருக்கு விளங்காது. பாண்டவர் வீடு, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று பகுதிக்கேற்ப வழங்கும் பெயர்களில் ஒன்றைச் சொன்னால் ஆடு மேய்ப்பவர்களே வழிகாட்டிவிடுவர்.

அளவிலும் எண்ணிக்கையிலும் மல்லசந்திரத்தை விஞ்சுவது கர்நாடகத்தின் கொப்பள மாவட்டத்தில், கங்காவதிக்கு அருகிலுள்ள ஹிரேபெனகல். ஏறத்தாழ 400 சின்னங்கள் கொண்ட இக்குன்றை மக்கள் மோரியர் குன்று என்று பொருள்படும் கன்னடப் பெயரால் அழைக்கின்றனர். ஆள் உயரத்துக்கும் மேலான கல்திட்டைகள் இடுதுளையுடன் வரிசையாக நிற்பதும், தட்டினால் முரசுபோல் ஒலிக்கும் உருண்டைப் பாறையொன்று இருப்பதும் இதன் சிறப்புகள். 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. ஆயினும் வண்டி குன்றடிவரைதான் செல்லும். அதன்பின் நிழலும் கடையும் இல்லாத பாறைப்பாதையில் நடந்தே ஏறவேண்டும். முழங்கால் வலியுள்ளோரும் சிறு குழந்தைகளுடன் வருவோரும் இதைத் தவிர்த்தல் நன்று. ஹம்பிக்கு எப்படியும் போகும் எண்ணமுள்ளவர் அங்கே தங்கி, ஒரு முற்பகலை இதற்கு ஒதுக்கினால் போதும். இதற்காக மட்டும் தமிழகத்திலிருந்து அவ்வளவு தொலைவு செல்வது பெருங்கற்காலத்தில் ஏற்கெனவே ஈடுபாடு ஊறிய சிலருக்கே பொருந்தும்.

பலவகைச் சின்னங்களை ஒரே பயணத்தில் ஒப்பிட்டுக் காண விரும்புவோருக்குத் திருச்சூரிலிருந்து கிழக்கு நோக்கி வரும் வழி மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது. குருவாயூருக்கு அண்மையில் அரியன்னூரிலும், குன்னங்குளத்துக்கு அண்மையில் சேரமனங்காட்டிலும் குடைக்கற்கள் உள்ளன. குடைக்கல் என்பது, உட்புறம் சாய்வாக நிறுத்திய நான்கு செம்புரைக்கற்களின்மேல், அடிப்பக்கம் தட்டையாகவும் மேற்பக்கம் கவிகையாகவும் செதுக்கிய வட்டமான மூடுகல்லை வைத்த அமைப்பு; தாங்குகற்கள் இல்லாமல் அம்மூடுகல் மட்டும் தரையிலேயே குழியின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தால் அது தொப்பிக்கல். சேரமனங்காட்டில் ஒரே வளாகத்தில் பலவகைப்பட்ட 69 சின்னங்கள் இருப்பதால் ஒப்பீட்டுக்கு இதைவிட வசதியான இடம் அரிது. இதே சுற்றுவட்டாரத்தில் எய்யால், காக்காடு, காட்டகாம்பால் ஆகிய ஊர்களில் செம்புரைப் பாறையைக் குடைந்து, உள்ளே கல் இருக்கைகளுடன் அமைத்த ஈமக்குகைகள் உள்ளன. இவற்றைப் பற்றி ஒய். டி. சர்மா 1956இல் விரிவாக எழுதினார். ஊர்கள் நெருங்கியிருப்பதால் இவை அனைத்துக்கும் ஒரு பகல் ஏறக்குறையப் போதுமானது.

அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்கு வரும் சாலை, மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களையும் கரூரையும் இணைத்த பண்டைய வணிகப் பெருவழியின் போக்கையே பெரும்பாலும் பின்பற்றுகிறது. அப்பெருவழியில், சென்னிமலைக்கு அண்மையில் நொய்யலின் வடகரையில் அமைந்த கொடுமணலைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழாய்வு செய்தது. மணிகள் செய்த தொழிற்கூடங்கள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானையோடுகள் என இங்கே கிடைத்தவை, கல்வட்டத்துக்குள் புதைக்கப்பட்ட மக்கள் உயிரோடிருந்தபோது என்ன செய்தனர் என்பதைச் சொல்பவை. பெருங்கற்சின்னம் எழுப்பியோரெல்லாம் வரலாற்றுக்கு முற்பட்டோர் என்னும் பொதுக்கருத்து இங்கே தளர்கிறது. எழுதத் தெரிந்த காலத்திலும் அப்புதைப்பு மரபு தொடர்ந்திருக்கிறது. வெறும் கண்ணால் பார்ப்பவருக்கோ வயல்களுக்கும் தரிசுக்கும் இடையே சிதறிய கற்களே தென்படும். எனவே கொடுமணல், முன்கூட்டியே படித்துவிட்டு வருவோருக்குரிய இடம். பழனிக்கு 12 கி.மீ. தென்மேற்கிலுள்ள பொருந்தலும் அத்தகையதே: கல்லறைக்குள் கலத்திலிருந்து எடுத்த நெல் கி.மு. 490 எனக் காலக்கணிப்புச் செய்யப்பட்டமையால் அவ்வூர் புகழ்பெற்றது. காண்பதற்கென்று அங்கே மிகுதியாக எதுவுமில்லை.

பழனியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாக மறையூர் சேர்வதே இப்பயணத்துக்கு நல்ல முடிவு. அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கின் இம்மலையூர் கேரளத்தில் இருந்தாலும் தமிழ் பேசி விசாரிக்க யாதொரு தடையுமில்லை. கோவில்கடவை ஒட்டிய பாறைமேட்டில் நிற்கும் கல்திட்டைகளை மக்கள் முனியறை என்கின்றனர். நன்கு நிலைத்தவையும் சரிந்தவையும் அடுத்தடுத்து இருப்பதால், கட்டடம் எவ்வாறு பொருத்தப்பட்டது என்பது சரிந்தவற்றில்தான் தெளிவாக விளங்கும். இடையிலுள்ள சின்னாறு காட்டுப்பாதையில் யானை நடமாட்டம் உண்டாதலால், சோதனைச் சாவடியைப் பகலிலேயே கடந்துவிடுமாறு நேரத்தை வகுத்துக்கொள்ளவேண்டும்.

தென்பகுதி வழி இவற்றினின்றும் முற்றிலும் வேறானது. மதுரையை ஒட்டிய கீழடியில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், அதன் ஈமக்காடான கொந்தகை, அடுத்து திருநெல்வேலி வழியே ஆதிச்சநல்லூர், சிவகளைப் பரம்பு என அமையும் இவ்வழியில் கல்லைக் காட்டிலும் தாழிக்கே முதன்மை. கறாரான பொருளில் பெருங்கல் எதுவும் இல்லாமலே இவை பெருங்கற்காலப் பண்பாட்டில் வைத்து எண்ணப்படுகின்றன. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. இன்று அவ்வூரில், அகழாய்வுக் குழியிலுள்ள தாழிகளைக் கிடந்தபடியே கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்க வகைசெய்யப்பட்டுள்ளது. ஏறுதல் இல்லை, சாலை நல்லது, உணவும் தங்குமிடமும் எளிதில் கிடைக்கும். முதியோரையும் பள்ளிப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோருக்கு இதனினும் ஏற்ற வழி இல்லை. திறந்த வெளியில் கல்லின் முன் தனித்து நிற்கும் அனுபவத்தை நாடுவோருக்கு மட்டும் இது நிறைவளிக்காது.

சென்னையிலிருந்து ஒரே நாளில் திரும்பவேண்டியவர் செங்கல்பட்டு மாவட்டத்துச் சானூரையும் சிறுதாவூரையும் தேர்ந்தெடுக்கலாம். சானூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் அகழாய்வு நடந்தது. இம்மாவட்டம் கல்வட்டங்களும் ஈமப்பேழைகளும் செறிந்தது. நகரம் விரிவதற்கேற்ப அவை குறைந்துகொண்டும் வருகின்றன. பார்க்கவேண்டும் என்று எண்ணுபவர் காலந்தாழ்த்தாமல் பார்க்கத்தக்க வழி இதுவே.

பருவத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் காயத் தொடங்கும் சனவரி, பிப்ரவரி மாதங்கள் எல்லா வழிகளுக்கும் பொருந்தும். மழைக்குப் பின் உடனே சென்றால் கல்வட்டங்கள் புதருக்குள் மறைந்திருக்கும். சித்திரை வெயிலில் பாறைக்குன்றுகள் மிதிக்க முடியாதபடி கொதிக்கும். திருச்சூர்ப் பகுதிக்குச் சூன் முதல் செப்டம்பர் வரை போகாதிருப்பது நலம். இடுதுளைகள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருப்பதால், அறையின் உட்புறத்தைப் பார்க்கவும் படமெடுக்கவும் காலை வெளிச்சமே உதவும். ஆகவே முந்தைய இரவே அருகிலுள்ள நகரில் தங்குவது, விடியலில் நெடுந்தொலைவு ஓட்டி வருவதைவிடப் பயன்தரும். தரையில் கிடக்கும் கருப்பு சிவப்புப் பானையோடுகளைப் பொறுக்கிக்கொள்ளும் ஆசையைப் பயணி அடக்கிக்கொள்ளவேண்டும். கிடந்த இடத்தினின்றும் அகன்ற ஓடு ஆய்வுக்கு ஏறத்தாழப் பயனற்றது என்பதோடு, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றமுமாகும்.