பச்சைக் குழந்தையின் தலையில் ரத்தக்கட்டு: காத்திருப்பதா, ஊசியா, அறுவையா?

பிறந்த மறுநாள் குழந்தையின் உச்சிக்குப் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம் தெரிந்தால் வீடே பதறிவிடுகிறது. "ஊசி போட்டு ரத்தத்தை எடுத்துவிடலாமே டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். எந்த இடத்தில் ரத்தம் தேங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது பதில்.

ஒரே எலும்பின் மேல், மண்டை எலும்புகள் சேரும் பொருத்துக்கோட்டைத் தாண்டாமல் அடங்கி நின்றால் அது எலும்புக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே தேங்கிய ரத்தம், செஃபலோஹெமடோமா. வாக்யூம், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில் இது அதிகம். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானே வற்றிவிடும். இங்கே காத்திருப்பதுதான் வைத்தியம். ஊசி வேண்டாம்: மூடிய பையில் தேங்கிய ரத்தத்துக்குள் தோலின் கிருமியை நாமே கொண்டுபோய் விடுவதாகிவிடும். வீக்கம் சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ, வற்றிய கட்டி மறுபடி பெருத்தாலோ அப்போது டாக்டரே ஊசியால் எடுத்துச் சோதிப்பார். சீழ் இருந்தால் திறந்து வடிக்க வேண்டியிருக்கும்.

காத்திருக்கும் நாட்களில் கண் வைக்க வேண்டியது மஞ்சள் காமாலைக்கு. தேங்கிய ரத்தம் சிதையச் சிதைய பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறும். எண்ணெய்க் குளியலில் தலையை அழுத்தி உருட்டுவதும், ஒத்தடமும், பற்றும் கட்டாயம் வேண்டாம். பாட்டிகளிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

தளதளவென்று பொருத்துக்கோட்டைத் தாண்டி, பிடரிக்கும் காதுக்கும் பரவும் வீக்கம் வேறு. அது எலும்பின் மேலுறைக்கும் மேலே, தலைத்தோலுக்கு அடியிலுள்ள இடைவெளியில் நடக்கும் சப்கேலியல் ரத்தக்கசிவாக இருக்கலாம். 3 கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 250 மி.லி. தான், அந்த இடைவெளியில் 200 மி.லி.க்கு மேல் தேங்க முடியும். குழந்தை வெளிறினாலோ, மூச்சு வேகமானாலோ, பால் குடிக்காவிட்டாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. அங்கே உயிரைக் காப்பது கத்தியல்ல. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும், உடனே ஏற்றும் ரத்தமும்தான்.

அறுவை சிகிச்சை எப்போது? சில குழந்தைகளுக்கு முதலில் சொன்ன செஃபலோஹெமடோமா கட்டி வற்றாமல் ஓரத்திலிருந்து சுண்ணாம்பேறி, தொட்டால் எலும்பாகவே தட்டுப்படும். அதுவும் மண்டை வளர வளரப் பலருக்குச் சீராகிவிடும். மேடு குறையாமல் நின்றால், உட்புற எலும்பும் அமுங்கியிருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் காட்டும். அமுங்காவிட்டால் மேட்டைச் செதுக்கினால் போதும்; அமுங்கியிருந்தால் எலும்பை எடுத்து மாற்றி அமைக்கும் பெரிய வேலை. பெரும்பாலும் இது தலையின் வடிவத்துக்காகச் செய்வதுதான். சின்னக் குழந்தைக்கு ரத்த இழப்பு பெரிய விஷயம் என்பதால், குழந்தைகளுக்கான நரம்பியல் அறுவை நிபுணரிடம் இன்னொரு கருத்தும் கேட்ட பிறகே ஒப்புக்கொள்வேன் நான்.

வீடு திரும்பும்போது தலைச் சுற்றளவையும், வீக்கத்தின் நீள அகலத்தையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட அதுதான் உதவும்.