படங்களின் இருப்பிடம்: பேரேடா, பண்டகசாலையா?

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடந்தவர்கள் மிளகின் மணத்தை அறிவார்கள். அங்கே பண்டகசாலையில் மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். கணக்கப்பிள்ளையின் மேசைமேல் பேரேடு இருக்கும். எந்த மூட்டை யாருடையது, எடை என்ன, எந்த அடுக்கில் உள்ளது என்பதைப் பேரேடு சொல்லும். மிளகைப் பேரேட்டுக்குள் கொட்டி வைப்பவர் எவருமிலர்.

இணையத்தளங்களில் படங்களைச் சேமிப்பதற்கும் இவ்வுவமை பொருந்தும். தரவுத்தளம் பேரேடு, கோப்புமுறைமை பண்டகசாலை. படத்தையே தரவுத்தளத்தில் இட்டு வைக்கலாம். அல்லது, படத்தைத் தனிக் கோப்பாக வைத்து, அதன் பெயரையும் விவரங்களையும் மட்டும் தரவுத்தளத்தில் எழுதலாம். இவ்விரண்டில் சிறந்தது எது?

2003-இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவைச் சான்றாகக் கொள்வோம். அதனை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் இரண்டாம் முறையைக் கைக்கொள்கிறது. மட்டாஞ்சேரி அரண்மனையின் படமொன்றை ஏற்றினால், அகலம், உயரம், ஏற்றியவர், நாள் ஆகியன தரவுத்தளத்தில் பதிவாகும். படம் தனிக் கோப்பாக நிற்கும். எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் குவியாதிருக்க, கோப்பின் பெயரிலிருந்து ஒரு குறியீட்டைக் கணித்து, அதன் முதலிரண்டு இலக்கங்களைக் கொண்டு 256 கோப்புறைகளில் பகிர்ந்து வைப்பது அம்மென்பொருளின் இயல்பான வழக்கம். இதனால் தரவுத்தளம் பருக்காது. சர்வரும் தரவுத்தளத்தை நாடாமல் படத்தை நேரே அனுப்பும்.

ஆயினும் முதல் முறையைத் தள்ளிவிடலாகாது. ஆராய்ச்சியாளர்களான ரஸ்ஸல் சியர்ஸ், கேத்தரின் வான் இங்கன், ஜிம் கிரே ஆகியோர் 2006-இல் இதனை அளந்து பார்த்தனர். 256 கிலோபைட்டுக்குக் குறைந்தவை தரவுத்தளத்திலும், 1 மெகாபைட்டுக்கு மிகுந்தவை கோப்புமுறைமையிலும் இருப்பது நன்று எனக் கண்டனர். அவை அன்றைய கருவிகளுக்கான எல்லைகள். நம் கருவியில் நாமே அளந்து பார்ப்பது முறை. தரவுத்தளத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. படமும் விவரமும் ஒன்றாகவே பதியும், ஒன்றாகவே நீங்கும். ஒரு படி எடுத்தால் இரண்டும் காக்கப்படும்.

இதன் அருமையை நான் பட்டுத்தான் அறிந்தேன். நம் சங்கத்துக்காக இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பழைய படங்களைச் சேகரித்துக் கோப்புகளாக வைத்தேன். நாள்தோறும் தரவுத்தளத்துக்கு மட்டுமே படி எடுத்தேன். ஒருநாள் வட்டு பழுதாயிற்று. பெயர்களெல்லாம் மீண்டன, முகம் ஒன்றும் மீளவில்லை. அசல்களைத் தேடி மறுபடியும் வீடு வீடாகச் சென்றேன். சலவைத் தொழில் செய்யும் குடும்பத்துப் பாட்டி ஒருவரின் திருமணப் படம் மட்டும் கிடைக்கவில்லை. இடையில் பெய்த மழையில் அது நனைந்து அழிந்துவிட்டது.

“பேர எழுதி வச்சுட்டு ஆள விட்டுட்டியே, தம்பி” என்றார் அவர்.

நண்பர்களே! பெரும் படங்களைக் கோப்புகளாகவே வையுங்கள். ஆனால் மூன்று விதிகளை மறவாதீர்கள். ஏற்றும்போது படத்தை முதலில் வைத்து, பின்னர் பதிவை எழுதுக. நீக்கும்போது பதிவை முதலில் அழித்து, பின்னர் படத்தை நீக்குக. இடையில் மின்சாரம் நின்றாலும் பதிவில்லாத மூட்டை மிஞ்சலாமே தவிர, மூட்டையில்லாத பதிவு மிஞ்சாது. மூன்றாவதாக, இரண்டுக்கும் படியெடுத்து வேறோர் இடத்தில் வைத்து, அப்படியிலிருந்து படங்கள் மீள்கின்றனவா என்று அவ்வப்போது சோதித்துப் பாருங்கள்.

பேரேட்டைக் காப்பவன் பண்டகசாலையையும் காக்கக் கடமைப்பட்டவன்.