சபையைப் பாட வைக்கும் படிப்பு

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு ஒவ்வோர் ஆண்டும் சில பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். சபையில் கீபோர்டு வாசிக்கிறவர்கள், கொயரில் பாடுகிறவர்கள். “அண்ணே, ஆராதனை இசையையே முழுசாப் படிச்சு ஊழியமாச் செய்யணும்னு இருக்கேன். எங்க சேரலாம்?” என்பார்கள். கூட வந்திருக்கும் அப்பா தயங்கித் தயங்கி, “அதுல மாசாமாசம் ஏதும் வருமாய்யா?” என்பார். நான் அப்பாவின் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்வேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு அழைப்பு, அர்ப்பணிப்பு என்று மட்டும் பேசி அனுப்புவது அந்தக் குடும்பத்துக்குச் செய்கிற நியாயம் ஆகாது.

தமிழ்ச் சபைகளில் இசைக்கென்றே முழுச் சம்பளத்தில் ஆள் வைத்திருக்கும் இடங்கள் மிகக் குறைவு. நகரத்துப் பெரிய சபைகள் சில அப்படி வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் ஆர்கனிஸ்டுக்கும் கொயர் மாஸ்டருக்கும் மாதம் ஒரு சிறு தொகை, கிறிஸ்மஸுக்குத் துணிமணி, அவ்வளவுதான். நான் பார்த்தவரை இந்த ஊழியத்தில் நிலைத்து நின்றவர்கள் பெரும்பாலும் பள்ளியில் இசை ஆசிரியராகவோ, வீட்டில் வகுப்பு எடுப்பவராகவோ, ஸ்டுடியோவில் வாசிப்பவராகவோ இருந்தவர்கள். நானும் வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே குடும்பம் நடத்துகிறேன். இதில் ஒரு நன்மையும் உண்டு. சோற்றுக்குச் சபையை நம்பியிராத இசைக்காரர், சேகரக் கமிட்டியில் தனக்குச் சரி என்று பட்டதைத் துணிந்து பேசலாம்.

அடுத்தது, எங்கே படிப்பது. ஆராதனைக்கு வேண்டிய இசையும் இறையியலும் ஒரே இடத்தில் முழுமையாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். துண்டு துண்டாகச் சேர்க்கத்தான் வேண்டும். கர்நாடக இசைக்குச் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சியில் கத்தோலிக்கர்கள் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி இன்று நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. மேற்கத்திய இசைக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளை நம் ஊரிலிருந்தே எழுதலாம். எட்டு கிரேடுகள், அதற்கு மேல் டிப்ளமோக்கள். இறையியலுக்குச் செராம்பூர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் உண்டு. மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி அவற்றில் ஒன்று. தமிழ் வழிபாட்டு இசையைப் பற்றி ஆழமாக யோசித்த ஆசிரியர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள்.

முதலில் எது என்று கேட்டால், இசை என்பேன். விரலும் தொண்டையும் இளவயதில் பழகியதுபோல் பிறகு பழகுவதில்லை. இறையியல் முப்பது வயதில் படித்தாலும் உள்ளே இறங்கும். சொல்லப்போனால், சபையின் நல்லது கெட்டது நாலைப் பார்த்த பிறகு இன்னும் நன்றாக இறங்கும். ஆனால் படிக்காமலே இருந்துவிடக் கூடாது. ஒரு பாட்டு பிதாவைப் பற்றி, பாடுகளைப் பற்றி, மறுமையைப் பற்றி என்ன சொல்கிறது என்று எடைபோடத் தெரியாதவர், ஞாயிறுதோறும் நூற்றுக்கணக்கான பேர் வாயில் சொற்களை வைக்கும் பொறுப்பை ஏற்கலாகாது. பிரசங்கத்தை வீட்டுக்குப் போகுமுன் மறந்துவிடுகிற பாட்டிகூடப் பாட்டை வாரம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

இனி, எந்தக் கல்லூரியிலும் தனிப் பாடமாக நான் பார்க்காத ஒன்று. ஆராதனையில் பாட வேண்டியவர்கள் சபையார். நாம் நன்றாகப் பாடினோமா, வாசித்தோமா என்பது இரண்டாவது கேள்வி. அவர்கள் வாய் திறந்தார்களா என்பதே முதல் கேள்வி. நான் படித்த எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பிறகு அடுக்கிக்கொண்டேன்.

எங்கள் சபையில் ஒரு பெரியம்மா இருந்தார். யார் புதிதாகக் கீபோர்டில் உட்கார்ந்தாலும் ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் வந்து, “எய்யா, பாட்டக் கொஞ்சம் தாழ எடுய்யா. நாங்களும் பாடணும்லா?” என்பார். சுருதி நிர்ணயத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடங்களில் அதுவே தலையாயது. ஆணும் பெண்ணும், சிறுவரும் முதியவரும் கலந்த கூட்டம் சிரமமில்லாமல் பாடும் எல்லை ஓர் ஆக்டேவுக்குச் சற்று மேல்தான். ஏறக்குறைய கீழ் ‘பி ஃப்ளாட்’ முதல் மேல் ‘டி’ வரை. சரணத்தில் மேல் காந்தாரத்தைத் தொடுகிற ஒரு கீர்த்தனையை ஒரு கட்டையில், அதாவது ‘சி’யில், எடுத்தால் அது மேல் ‘ஈ’யில் போய் நிற்கும். முன்வரிசைக் கொயர் பாடும்; பின்வரிசை உதட்டை மட்டும் அசைக்கும். அதையே ‘பி ஃப்ளாட்’டுக்கு இறக்கினால் எல்லோருக்கும் எட்டும். விடியற்காலை ஆராதனைக்கு இன்னும் அரைக் கட்டை இறக்கினாலும் தவறில்லை, தொண்டை திறந்திருக்காது.

இன்றைய பாடல்களில் சிக்கல் வேறு. ஒலிப்பதிவில் கேட்கும் சுருதி அந்தப் பாடகரின் குரலுக்கு ஏற்றது, சபைக்கு ஏற்றதல்ல. உச்சியில் பாடும் ஓர் ஆண் பாடகரின் பதிவை அப்படியே எடுத்து வாசித்தால், பெண்களுக்கு அந்த இடம் மிகவும் தாழ்வு, ஓர் ஆக்டேவ் ஏற்றினால் எட்டாத உயரம். அதனால் எந்தப் பாட்டையும் கற்றுக்கொள்ளும்போதே அதன் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் பாட்டுத் தாளின் ஓரத்தில் குறித்துவிடுங்கள். பிறகு சுருதி முடிவு செய்யுங்கள். கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பட்டனை நம்பாமல், எந்தச் சுருதியிலும் விரலால் வாசிக்கப் பழகுங்கள். நடு ஆராதனையில் ஐயர் தாமாக ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டால் பட்டனைத் தேட நேரம் இருக்காது.

தமிழ்ச் சபையில் வாசிக்கிறவர் குறைந்தது மூன்று வகைப் பாட்டுகளை அறிந்திருக்க வேண்டும். பாமாலை என்றும் ஞானப்பாட்டு என்றும் சொல்கிறவை ஒரு வகை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவின் காலத்திலிருந்தே ஜெர்மானிய மெட்டுகள் தமிழ்ச் சொற்களோடு இங்கே ஒலிக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் சென்னையில் ஊழியம் செய்த ஃபாப்ரிசியுஸ் அவற்றில் பலவற்றைத் தமிழாக்கினார். இவை நான்கு குரலில் பாட எழுதப்பட்டவை. இவற்றுக்குச் சோல்ஃபா படிக்கத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியதுபோல. ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாத கிராமத்துக் கொயர்கள் சோல்ஃபாவை வைத்தே நான்கு பாகமும் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். இங்கே கவனிக்க வேண்டியது, மெட்டு நீளும் இடத்தில் தமிழ்க் குறில் வந்து விழுவது. குறிலை இழுத்தால் அது நெடிலாகிப் பொருளே மாறிவிடும். அந்த இடங்களில் கொயரை அசையைச் சுருக்கமாக உச்சரித்து, மெய்யெழுத்தில் நிறுத்திப் பாடச் சொல்வேன்.

இரண்டாவது, கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று இராகமும் தாளமும் தலைப்பில் அச்சிட்டு வருபவை. இங்கேதான் கீபோர்டு படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மோகனத்தில் ம-வும் நி-யும் கிடையாது. ‘சி’யில் பாடினால் ‘எஃப்’ சுரமும் ‘பி’ சுரமும் இல்லை என்று பொருள். ஆனால் வழக்கமான ‘எஃப்’ கார்டிலும் ‘ஜி’ கார்டிலும் அவை வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ‘சி’, ‘ஏ மைனர்’ இரண்டையும் கொண்டு, ‘ஜி’ வேண்டிய இடத்தில் ‘பி’ சுரத்தை விட்டுவிட்டு ‘ஜி’யும் ‘டி’யும் மட்டும் பிடித்தால் இராகம் காயப்படாது. மாயாமாளவகௌளையில் இது இன்னும் கடினம். ரி சுத்த ரிஷபம், அதாவது ‘டி ஃப்ளாட்’. சாதாரண ‘ஜி’ கார்டில் உள்ள ‘டி’ அங்கே அந்நியம். ‘சி’, ‘எஃப் மைனர்’, ‘டி ஃப்ளாட்’ என்று போக வேண்டும். கமகம் நிறைந்த இடங்களில் கார்டே வேண்டாம் என்பது என் எண்ணம். ஸ-வும் ப-வும் தம்புராபோல் நிற்கட்டும், கீழே பேஸ் நடக்கட்டும், மேலே சபை பாடட்டும். இதற்காகவாவது கீபோர்டுக்காரர்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் வாய்ப்பாட்டு படிக்க வேண்டும். சரளி வரிசை பாடியறியாத விரல் கீர்த்தனைக்குள் நுழைய முடியாது.

மூன்றாவது, கூட்டங்களிலும் ஜெபக்குழுக்களிலும் வளர்ந்த எளிய துதிப்பாடல்கள். சாராள் நவரோஜி, பெர்க்மான்ஸ் போன்றவர்களின் பாடல்கள் சபைப் பிரிவுகளைத் தாண்டிப் பரவியவை. படித்த இசைக்காரர் சிலர் இவற்றை இளப்பமாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருமுறை கேட்டதும் பாடக்கூடிய மெட்டு அமைப்பது எளிய வேலை அல்ல. கொயரில் சேர்ந்திராத, பாட்டுப்புத்தகம் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் முதன்முதலாக வாய்விட்டுப் பாடியது இந்தப் பாட்டுகளைத்தான்.

இந்த மூன்றின் வரலாற்றையும் படியுங்கள், முழுதாகப் படியுங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பன்னிரண்டு வயதில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்குப் போய், பெத்லகேம் குறவஞ்சி பாடி, சரபோஜி மன்னரின் ஆதரவையும் பெற்றவர். தமிழ் இசையைச் சபைக்குள் வேரூன்றச் செய்தவர்களில் அவருக்கே முதலிடம் தருவேன். அதே சாஸ்திரியார்தான், சபையில் சாதி வேற்றுமை கூடாது என்று இளம் மிஷனரிமார் சொன்னபோது அதை எதிர்த்து எழுதினார். இரண்டும் நடந்தவை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அரசரடியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்று மாணவர்களால் அழைக்கப்பட்டவர், சபைகளில் பெரும்பான்மையான தலித் மக்களின் பாட்டு வழிபாட்டில் ஏன் ஒலிக்கவில்லை என்று கேட்டார். கர்நாடக மெட்டில் அமைந்த கீர்த்தனையை அவர் மேட்டிமையின் இசையாகவே பார்த்தார். கிராமிய மெட்டில் வழிபாட்டு முறையே அமைத்தார். கிராமியப் பாட்டை மக்கள் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிப் பாடலாம், அதனால் அது அவர்களுக்கே சொந்தம் என்பது அவர் கருத்து.

நான் கீர்த்தனையில் வளர்ந்தவன், அதை விட மாட்டேன். ஆனாலும் அப்பாவுவின் கேள்வியை ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. ஒரு சபைக்குப் பாட்டுப் பட்டியல் போடும்போதெல்லாம், இதில் யாருடைய காதுக்குப் பழகிய மெட்டு இருக்கிறது, யாருடையது இல்லை என்று பார்க்கிறேன். இறையியல் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இந்த விவாதத்தைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் தனக்குப் பிடித்ததையே தேவனுக்குப் பிடித்தது என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஆபத்து உண்டு.

வாத்தியம் இல்லாமல் பாடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். துக்க வீட்டில் கீபோர்டு இருக்காது. வாசலில் பந்தல், உள்ளே அழுகை, ஐயர் ஜெபம் முடித்து உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அந்த நொடியில் சரியான பாட்டை, சரியான சுருதியில், புத்தகம் பார்க்காமல் எடுக்க வேண்டும். அழுது கம்மிய குரல்கள் கூடவே வர வேண்டுமானால் வழக்கத்தைவிடத் தாழ, வழக்கத்தைவிட மெதுவாக எடுக்க வேண்டும். இருபது பாட்டாவது எல்லாச் சரணங்களோடும் மனப்பாடமாக இருக்கட்டும். நம்பிக்கை தரும் சரணம் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். முதல் சரணத்தோடு நிறுத்துகிறவர்கள் அதைத் தராமலே விட்டுவிடுகிறார்கள். அடக்க ஆராதனையில் ஒரு கொயர் மாஸ்டர் கற்றுக்கொள்வதை எந்தத் தேர்வும் கேட்காது.

திருச்சபை ஆண்டையும் கையில் வைத்திருங்கள். அட்வென்ட்டில் கிறிஸ்து பிறப்புப் பாட்டைத் தொடங்கிவிட வேண்டும் என்ற அவசரம் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. காத்திருப்பதற்கென்றே பாட்டுகள் உண்டு, அவற்றுக்கு இடம் கொடுங்கள். லெந்து நாற்பது நாளும் தாளக்கருவிகளைக் குறைத்துப் பாருங்கள். ஈஸ்டர் அதிகாலையில் அவை திரும்ப ஒலிக்கும்போது சபைக்கே புரியும். வாரத்தின் வேத பாடங்களை ஐயரிடம் திங்கட்கிழமையே கேட்டு வாங்கிவிடுவது என் பழக்கம். சனி இரவில் பாட்டு தேடுகிறவருக்குப் பழகிய பாட்டுதான் கையில் வரும்.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒன்று மட்டும். டிரம்ஸும் மைக்கும் சபையின் சத்தத்தை மூடிவிட்டால், தங்கள் குரல் தங்களுக்கே கேட்காத மக்கள் பாடுவதை நிறுத்திவிடுவார்கள். ஒரு சரணத்துக்கு எல்லா வாத்தியத்தையும் நிறுத்திப் பாருங்கள்.

இப்போது எல்லாச் சபையும் ஆராதனையை யூடியூபில் போடுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கின்போது பாட்டைப் பாடுவதற்கு விலக்கு தருகிறது. அந்த விலக்கு பதிவேற்றுவதற்கும், ஆல்பம் போடுவதற்கும் சேர்த்துத் தரப்பட்டது என்று எண்ணிவிடாதீர்கள். இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. சாஸ்திரியாரின் பாட்டு எல்லோருக்கும் பொது. சமகாலத்தவரின் பாட்டுக்கு அனுமதி கேளுங்கள், இயற்றியவர் பெயரைத் திரையில் போடுங்கள்.

கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் சபையில் எழுபது, எண்பது வயதானவர்களிடம் போய், அவர்கள் சிறுவயதில் பாடிய கீர்த்தனைகளைப் பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். புத்தகத்தில் செஞ்சுருட்டி என்று போட்டிருக்கும், அவர்கள் பாடுவது வேறாக இருக்கும். ஒரே பாட்டுக்குத் திருநெல்வேலியில் ஒரு மெட்டும் தஞ்சையில் ஒரு மெட்டும் இருக்கும். எது சரி என்று அப்போதே தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் சுரப்படுத்துங்கள். பாட்டு எண், பாடியவரின் ஊர், யாரிடம் கற்றார், என்ன தாளம் தட்டினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சேர்க்கைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.