இரவுப் பயணத்திற்குத் துணை விளக்கு

தெருவிளக்கு இல்லாத மலைச்சாலையில் இரவு வேளையில் பயணம் செய்திருக்கிறீர்களா? மகிழுந்தின் முகப்பு விளக்கு எவ்வளவு தூரத்தைக் காட்டுகிறதோ அவ்வளவுதான் அப்போது நம் கண்ணுக்குத் தெரியும் உலகம். அந்த உலகம் எத்துணை சிறியது என்பதைச் சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையின்போதுதான் நான் உணர்ந்தேன்.

எங்கள் வீடு பேரா மாநிலத்தின் கிரிக் நகரில் உள்ளது. என் அக்கா கிளந்தான் மாநிலத்தில் உள்ள ஜெலியில் தங்கிப் படிக்கிறார். இவ்விரண்டு ஊர்களையும் இணைப்பது கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை. 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இச்சாலை, பெலும்-தெமெங்கோர் காட்டின் ஊடே சென்று, தெமெங்கோர் ஏரியிலுள்ள பண்டிங் தீவைக் கடந்து, தித்திவாங்சா மலைத்தொடரில் ஏறி இறங்குகிறது. பகலில் காண்பதற்கு அழகான சாலை. இரவிலோ யானைகளும் தாப்பிர்களும் கடக்கும் பாதை. வழிநெடுக யானைப் படம் பொறித்த எச்சரிக்கைப் பலகைகளைக் காணலாம்.

அன்று அக்காவை அழைத்துக்கொண்டு திரும்பும்போது இரவு மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. எதிரே வந்த கனவுந்துக்காக அப்பா விளக்கைத் தாழ் ஒளிக்கு மாற்றினார். கனவுந்து கடந்து சென்ற பிறகும் அதை மீண்டும் உயர்த்த மறந்துவிட்டார். ஒரு வளைவைக் கடந்ததும் சாலையின் நடுவே கரும்பாறை போன்ற ஓர் உருவம் நின்றது. யானை! அப்பா நிறுத்துவிசையை முழுப் பலத்தோடு மிதித்தார். சக்கரங்கள் கிறீச்சிட்டன. யானையின் காலருகே, சில அடி தூரத்தில் வண்டி நின்றது. யானை காதுகளை ஒருமுறை அசைத்துவிட்டு மெல்லக் காட்டுக்குள் இறங்கியது. வீடு வந்து சேரும்வரை எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு சித்தப்பாவின் பட்டறைக்குச் சென்றார். நடந்ததைக் கேட்ட சித்தப்பா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

“எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள், அண்ணே?”

“மணிக்கு 70 கிலோமீட்டர் இருக்கும்.”

“அப்படியென்றால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் நிறுத்துவிசைக்குப் போக ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 29 மீட்டர் ஓடிவிடும். பிறகு முழுமையாக நிற்க இன்னும் 27 மீட்டர் வேண்டும். மொத்தம் 56 மீட்டர். தாழ் ஒளியில் கருமையான ஒரு பொருள் ஏறத்தாழ 50, 60 மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். மயிரிழையில் தப்பியிருக்கிறீர்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் நிற்பதற்கு 80 மீட்டருக்கு மேல் தேவைப்பட்டிருக்கும்.”

அந்தத் தாளைப் பார்த்தபோது முந்தைய இரவைவிட அதிகமாகப் பயந்தேன்.

“சித்தப்பா, அதோ மூலையில் இருக்கிறதே நீளமான விளக்கு, அதைப் பொருத்திவிடலாமே! இரவைப் பகலாக்கிவிடும்போல் இருக்கிறது,” என்றேன்.

சித்தப்பா சிரித்தார். அது யாரோ ஒரு வாடிக்கையாளர் கழற்றி விட்டுச் சென்ற விளக்கு. அன்று மாலை இருட்டியதும் அவர் அதனைப் பட்டறைக்குப் பின்னாலுள்ள வெற்று நிலத்தில் ஒரு வண்டியின் முன் வைத்து இணைத்தார். என்னை ஐம்பதடி தள்ளி நிற்கச் சொன்னார்.

“இப்போது நீதான் எதிரே வரும் மோட்டார் சைக்கிளோட்டி. அப்பா எத்தனை விரல்களைக் காட்டுகிறார் என்று சொல்,” என்று கூறி விளக்கை முடுக்கினார்.

எனக்கு அப்பாவும் தெரியவில்லை, வண்டியும் தெரியவில்லை. வெண்மை மட்டுமே தெரிந்தது. விளக்கு அணைந்த பிறகும் கண்களுக்குள் வண்ண வட்டங்கள் சுழன்றன. நான்கு விநாடி கழித்துத்தான் அப்பாவின் உருவம் மங்கலாகப் புலப்பட்டது.

“90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவர் நான்கு விநாடியில் 100 மீட்டர் கடந்துவிடுவார். அந்த 100 மீட்டரையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்கு ஒப்பாகும். நாம் பார்ப்பதற்காக மற்றவரைக் குருடாக்கலாமா, தம்பி?” என்று சித்தப்பா கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புதிய விளக்கை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை அவர் முதலில் செய்தார். பழுப்பேறி மங்கிப்போயிருந்த முகப்பு விளக்குகளின் மேலுறையைத் தேய்த்து மெருகூட்டினார். முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருந்த மெல்லிய அழுக்கையும் துடைத்தார். அதற்கே பாதி இருள் விலகிவிட்டதாக அப்பா வியந்தார்.

துணை விளக்குகள் இரு வகைப்படும் என்று சித்தப்பா விளக்கினார். ஒன்று, தொலைநோக்கு விளக்கு. இதன் ஒளி குறுகலாகவும் நீளமாகவும் பாயும். தொலைவில் உள்ளதைக் காட்டும். மற்றொன்று, மூடுபனி விளக்கு. இது தாழ்வாகப் பொருத்தப்படும். ஒளி அகலமாகத் தரையோடு பரவும். மூடுபனியில் உயர் ஒளியையோ தொலைநோக்கு விளக்கையோ எரியவிட்டால், காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டு ஒளி நம் கண்களுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர் நிற்பதுபோல் தோன்றும். ஆகவே, தேவைக்கேற்ற விளக்கைத் தேர்ந்தெடுப்பது முக்கியமாகும்.

கூடுதல் விளக்குகளை விருப்பம்போல் பொருத்திக்கொள்ள முடியாது. வாகன விளக்குகளுக்குச் சட்டத்தில் விதிமுறைகள் உள்ளன. பிறர் கண்களைக் கூசச் செய்யும் விளக்குகள்மீது சாலைப் போக்குவரத்துத் துறை நடவடிக்கை எடுக்கிறது. எனவே, அத்துறையின் அலுவலகத்தில் விளக்கம் கேட்டு உறுதிசெய்த பிறகே சித்தப்பா வேலையைத் தொடங்கினார்.

முதல் வேலையாக மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றினார். பிறகு, 55 வாட் திறனுள்ள இரண்டு விளக்குகளைப் பம்பருக்கு மேல், வண்டி அதிரும்போது ஆடாதவாறு இறுக்கமாகப் பொருத்தினார்.

“இரண்டும் சேர்ந்து 110 வாட். மின்கலத்தின் அழுத்தம் 12 வோல்ட். அப்படியானால் எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் பாயும்?”

பள்ளியில் படித்த சூத்திரம் நினைவுக்கு வந்தது. “110ஐ 12ஆல் வகுத்தால், ஒன்பதுக்குச் சற்று அதிகம்!” என்றேன்.

“சரியாகச் சொன்னாய். அவ்வளவு மின்னோட்டம் மெல்லிய கம்பியிலும் சிறிய விசையிலும் பாய்ந்தால் அவை சூடேறும், தீப்பற்றவும் கூடும். அதற்காகத்தான் இந்த ரிலே.”

ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் ஒரு விசை. ஓட்டுநரின் கையருகே உள்ள விசையிலிருந்து சிறிதளவு மின்னோட்டம் வந்தால் போதும். ரிலேயின் உள்ளே இருக்கும் காந்தம் இயங்கி, மின்கலத்திலிருந்து விளக்குக்குச் செல்லும் பெரிய மின்பாதையை இணைத்துவிடும். அப்பெரிய மின்பாதையில் தடித்த கம்பியைப் பயன்படுத்தினார். மின்கலத்துக்கு மிக அருகில் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் இணைத்தார். கம்பி எங்கேனும் தேய்ந்து இரும்பைத் தொட்டால், ஃபியூஸ் உருகி மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ரிலேயை இயக்கும் சிறிய மின்னோட்டத்தை உயர் ஒளியின் கம்பியிலிருந்து எடுத்தார். இதனால், உயர் ஒளி எரியும்போது மட்டுமே துணை விளக்குகளும் எரியும். எதிரே வண்டி வரும்போது ஓட்டுநர் ஒளியைத் தாழ்த்தினால் அவை தாமாகவே அணைந்துவிடும். மனிதன் மறந்தாலும் கம்பி மறக்காது!

இறுதியாக, விளக்குகளின் திசையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சமதளத்தில், சுவரிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினோம். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒட்டுநாடாவை ஒட்டினேன். ஒளியின் மிகப் பிரகாசமான பகுதி நாடாவுக்குச் சற்றுக் கீழே விழும்படி சித்தப்பா திருகுகளை முடுக்கினார்.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு மீண்டும் அதே சாலையில் இரவில் பயணம் செய்தோம். எதிர் வளைவில் மற்றொரு வண்டியின் வெளிச்சம் தெரியத் தொடங்கியதுமே அப்பா ஒளியைத் தாழ்த்தினார். எதிரே வந்தவரும் தாழ்த்தினார். முகம் தெரியாத இருவர் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டது போல் எனக்குத் தோன்றியது.

பண்டிங் தீவை நெருங்கும்போது, வெகு தொலைவில் சாலையோரம் கருமையாக ஏதோ அசைந்தது. அப்பா வேகத்தைக் குறைத்து, போதுமான இடைவெளி விட்டு வண்டியை நிறுத்தினார். உடனே ஒளியையும் தாழ்த்தினார். பிரகாசமான விளக்கும் ஒலிப்பானின் ஓசையும் யானைகளை மிரளச் செய்யும் என்பது அப்பகுதி மக்கள் அறிந்த உண்மை. நாங்கள் அமைதியாகக் காத்திருந்தோம். தாய் யானையும் அதன் வயிற்றோடு ஒட்டியபடி ஒரு குட்டியும் சாலையைக் கடந்து சென்றன.

துணை விளக்குகள் எங்களுக்குக் கூடுதலாகச் சில விநாடிகளைத் தந்தன. அவற்றை வேகத்தைக் கூட்டுவதற்கு அப்பா பயன்படுத்தவில்லை, நிற்பதற்குப் பயன்படுத்தினார். அதனால்தான் அன்று ஒரு குட்டி யானை தாயோடு காட்டுக்குள் போனது. நாங்களும் அக்காவோடு வீடு வந்து சேர்ந்தோம்.

சிந்தித்து விடையளிக

1. முதல் பயணத்தில் யானையைத் தாமதமாகக் கண்டதற்கான காரணங்கள் யாவை?
2. தொலைநோக்கு விளக்குக்கும் மூடுபனி விளக்குக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
3. துணை விளக்குகளை உயர் ஒளியின் கம்பியோடு இணைத்ததன் நோக்கம் என்ன?
4. ‘மயிரிழையில் தப்புதல்’ எனும் தொடரைப் பயன்படுத்திச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்திடுக.
5. ‘நாம் பார்ப்பதற்காக மற்றவரைக் குருடாக்கலாமா?’ எனும் வினா சாலைப் பயணத்திற்கு மட்டுமே பொருந்துமா? உன் கருத்தைத் தக்க சான்றுகளுடன் விளக்கி எழுதுக.