எந்த ‘எக்ஸார்சிஸ்ட்’?

‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் 1973 பதிப்பு, 2000-இல் வந்த நீண்ட பதிப்பு என இரண்டு இருக்கின்றனவே! முதன்முறை பார்க்கப்போகும் நான் எதைப் பார்ப்பது? — வாசகர், தேனி

சந்தேகமே வேண்டாம், 1973 பதிப்பையே பாருங்கள். நீண்ட பதிப்பில் சுமார் 10 நிமிடம் கூடுதல். சிறுமி ரீகன் முதுகை வளைத்து, மல்லாந்தபடியே கைகால்களால் படியிறங்கி வரும் காட்சி அதில்தான் உண்டு, தூக்கம் போய்விடும்! ஆனால், சமையலறை இருட்டில்கூடப் பேய் முகத்தைப் புதிதாக மின்ன விட்டிருக்கிறார்கள். பயத்தை நம் கற்பனைக்கே விட்டுவைத்த படத்துக்கு அது தேவையே இல்லை. ஒன்று மட்டும் அருமை. ‘இந்தக் குழந்தைக்கு ஏன் இப்படி?’ என்று இரு பாதிரியார்களும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசும் இடம். இயக்குநர் ஃபிரீட்கின் அதை வெட்டியதில் கதாசிரியர் பிளாட்டிக்கு ரொம்ப நாள் மனக்குறை. அந்தக் காட்சிக்காகவே, இரண்டாம் முறை நீண்ட பதிப்பைப் பாருங்கள்.