மனநலச் சிகிச்சையும் பொதுக் காப்பீடும்

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக அது கண்டது. நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை உரிய சிகிச்சை பெறவில்லை என்பது அதனினும் கவலைக்குரிய முடிவாகும். இவ்விடைவெளிக்கு அறியாமையும் கூச்சமும் காரணங்கள். செலவும் ஒரு காரணமே. எனவே பொதுக் காப்பீடு இதில் எவ்வளவு உதவுகிறது என்பது ஆராயத் தக்கது.

சட்டத்தின் நிலை

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு அளிக்கப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் அளிக்கப்பட வேண்டும் என்று அதன் 21(4)ஆம் பிரிவு விதிக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் இதை நிறைவேற்றுமாறு நிறுவனங்களைப் பணித்தது. தில்லி உயர்நீதிமன்றமும் 2021இல் இச்சமத்துவத்தை உறுதிப்படுத்தியது.

எனினும் சமத்துவம் என்பது இருபுறமும் கூரான கத்தி. உடல் நோய்க்குப் புறநோயாளிச் செலவை ஏற்காத திட்டம், மனநோய்க்கும் அதை ஏற்க வேண்டியதில்லை. உளவியல் சிகிச்சையோ பெரும்பாலும் புறநோயாளிச் சிகிச்சையே ஆகும். வாரம் ஒரு முறை, பல வாரங்கள், பயிற்சி பெற்ற ஒருவருடன் அமர்ந்து உரையாடுவதே அதன் முறை. அதற்குப் படுக்கை தேவையில்லை.

இரு திட்டங்கள், இரு வழிகள்

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சையை அளிக்கிறது. மனநோய்ச் சிகிச்சைகளும் அதில் அடங்கும். ஆனால் உள்நோயாளியாகச் சேர்வது அடிப்படை நிபந்தனை. வீடு திரும்பிய பின் 15 நாள் செலவு வரையே அதன் பொறுப்பு நீள்கிறது. தொடர் உரையாடற் சிகிச்சைக்கு இக்காலம் போதாது. நோய் முற்றிய பின்னரே உதவி கிடைக்குமாயின், தொடக்கத்தில் சிறு செலவில் தீர்த்திருக்கக் கூடியது பெருஞ்செலவாக வளர்கிறது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டமான இ.எஸ்.ஐ. வேறு வழியைக் காட்டுகிறது. அதில் புறநோயாளிச் சிகிச்சையும் உண்டு. குடும்பத்தினரும் மருத்துவ உதவி பெறலாம். தொழிலாளி ஒருவர் மருந்தகத்தில் மருத்துவரைக் கண்டு, அவர் பரிந்துரையின் பேரில் மனநல வல்லுநரை அணுகலாம். கடும் மனநோயால் நெடுநாள் வேலைக்குச் செல்ல இயலாதவருக்கு, உரிய பணிக்காலமும் சந்தாவும் இருப்பின், ஊதியத்தில் 80 விழுக்காடு நீட்டிக்கப்பட்ட நோய்ப் பயனாகக் கிடைக்கும். சிகிச்சைக்குச் செல்வதால் கூலி இழக்க நேர்வதே பலரைத் தடுப்பதால், இப்பயன் மருந்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

அலுவலரின் கடமை

காப்பீட்டு அட்டை இல்லாதவரையும் திருப்பி அனுப்பலாகாது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் அதற்கான அட்டை இல்லாவிடினும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் இலவசச் சிகிச்சை பெற உரிமையுடையவர் என்று அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுகிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் உளவியலாளருக்கும் இடமுண்டு. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று எடுத்துரைப்பது கள அலுவலரின் பணியாகும்.

காப்பீடு பணத்தைத் தரலாம். சிகிச்சையாளரைத் தர இயலாது. ஆகவே உளவியலாளர் பயிற்சியைப் பெருக்குவதும், குறிப்பிட்ட எண்ணிக்கை அமர்வுகளைப் புறநோயாளிப் பயனாகச் சேர்ப்பதும் ஒருங்கே நடைபெற வேண்டும். அப்போதுதான் சட்டம் வழங்கிய சமத்துவம் நோயாளியின் கையில் சிகிச்சையாக மாறும்.