நீக்கிய பின்னும் நிற்கும் பதிவுகள்

கேள்வி: ஐயா, மடிக்கணினி வாங்கும்போதே அதில் இருந்த ஆன்டிவைரஸின் சந்தா முடிந்துவிட்டதால், கன்ட்ரோல் பேனல் வழியாக அதை நீக்கினேன். ஆனால் ரெஜிஸ்ட்ரியில் தேடினால் அதன் பெயர் இன்னும் பல இடங்களில் வருகிறது. சிலவற்றை அழிக்கப் போனால் அனுமதி மறுக்கப்படுகிறது. விண்டோஸ் டிஃபெண்டரும் இயங்கவில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர் கொண்டு எல்லாவற்றையும் துடைத்துவிடலாமா?

பதில்: பெயர் தென்பட்ட இடத்தையெல்லாம் அழித்தே தீர வேண்டும் என்ற சங்கற்பத்தை, அன்பரே, முதலில் கைவிடுங்கள். எஞ்சியிருக்கும் பதிவுகளில் பெரும்பாலானவை, எந்தச் செயலையும் தூண்டாமல், எந்த நினைவகத்தையும் சொல்லத்தக்க அளவில் பற்றிக்கொள்ளாமல் கிடப்பவை. அவற்றை அழிப்பதால் கணினியின் வேகம் கூடும் என்று கிளீனர் விற்பவர்கள் கூறுவதற்கு ஆதாரமில்லை. விண்டோஸைப் படைத்த மைக்ரோசாஃப்டே இத்தகைய கருவிகளை ஆதரிப்பதில்லை என்று பகிரங்கமாக அறிவித்திருக்கிறது.

கவனத்துக்குரியவை வேறு. ஆன்டிவைரஸ் என்பது மற்ற மென்பொருள்களைப் போல மேற்பரப்பில் மட்டும் வசிப்பதன்று. கோப்புகள் திறக்கப்படுவதையும், வலையமைப்பில் தரவு செல்வதையும், சிலவற்றில் விசைப்பலகையின் தட்டல்களையும்கூட இடைமறித்துப் பரிசோதிப்பதற்காக, ஃபில்டர் டிரைவர்கள் எனப்படுபவற்றை இயங்குதளத்தின் அந்தரங்கத்திலேயே அது நிறுவிக்கொள்கிறது. அவற்றின் பதிவுகள் ‘கரன்ட் கன்ட்ரோல் செட்’ என்பதன் கீழுள்ள ‘சர்வீசஸ்’, ‘கிளாஸ்’ ஆகிய பகுதிகளில் இருக்கும். விசைப்பலகைக்குரிய ‘கிளாஸ்’ பகுதியில் ‘அப்பர் ஃபில்டர்ஸ்’ என்றொரு மதிப்பைக் காணலாம். தட்டல்களை இடைமறிக்கும் ஆன்டிவைரஸானால், அதில் அதன் டிரைவர் ஒரு வரியாகவும், விண்டோஸுக்கே உரிய ‘கேபிடி கிளாஸ்’ மற்றொரு வரியாகவும் நிற்கும். டிரைவர் கோப்பு அழிந்து அதன் வரி மட்டும் எஞ்சினாலும், அவசரத்தில் அந்த மதிப்பையே முழுவதும் அழித்துவிட்டாலும், விளைவு ஒன்றுதான்: அடுத்த முறை கணினி எழும்போது விசைப்பலகை வேலை செய்யாது. பெயரைத் தேடித் தேடி அழிப்பவர்களுக்கு நேரும் ஆபத்துகளில் இதுவே மிகக் கொடியது என்பேன்.

அனுமதி மறுக்கப்படுவதைப் பற்றிச் சொன்னீர்கள். பதிவின் உரிமை வேறொரு கணக்கிடம் இருப்பதாலும் அவ்வாறு நேரலாம்; ஆயினும், ஆன்டிவைரஸின் தற்காப்பு டிரைவர் இன்னமும் நினைவகத்தில் இயங்கிக்கொண்டிருக்கிறது, அதாவது நீக்கமே பூர்த்தியாகவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். டிஃபெண்டர் எழாததற்கும் அதுவே காரணமாகலாம். வேறொரு ஆன்டிவைரஸ் காவலில் இருப்பதாக விண்டோஸ் செக்யூரிட்டி சென்டர் நம்பும் வரையில் டிஃபெண்டர் ஒதுங்கியே நிற்கும். அந்த நம்பிக்கைக்குரிய பதிவு டபிள்யூ.எம்.ஐ. என்னும் தனிக் களஞ்சியத்திலும் தென்படுவதால், ரெஜிஸ்ட்ரியில் பெயரைத் தேடித் துடைப்பதால் மட்டும் அது அகலும் என்று சொல்ல முடியாது.

ஆகையால், அந்த ஆன்டிவைரஸைத் தயாரித்தவர்களே வழங்கும் நீக்கற் கருவியை நாடுவதே உசிதம். மெக்காஃபீ, நார்ட்டன், அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி, ஈசெட் என்று பிரசித்தி பெற்ற ஒவ்வொன்றுக்கும் அத்தகைய கருவி இலவசமாகக் கிடைக்கிறது. தங்கள் டிரைவர் எது, எந்த வரிசையில் அதை அகற்ற வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். தயாரிப்பாளரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்குங்கள். முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் அமைத்துக்கொண்டு, அவாஸ்டும் ஈசெட்டும் அறிவுறுத்துவதைப் போல, தற்காப்பு டிரைவர் எழாத சேஃப் மோடில் கருவியை இயக்கி, பின் வழக்கம்போல் கணினியை மீண்டும் துவக்குங்கள்.

அதற்குப் பின்னும் ஐயம் இருந்தால், மைக்ரோசாஃப்டின் ‘ஆட்டோரன்ஸ்’ கருவியைத் திறந்து பாருங்கள். கோப்பு இல்லாமல் பெயர் மட்டும் தொங்கும் பதிவுகளை அது தனி நிறத்தில் காட்டும். அந்த ஆன்டிவைரஸுக்கே உரியது என்று நிச்சயமாகத் தெரிந்த பதிவை உடனே அழிக்காமல், முன்னுள்ள குறியை மட்டும் எடுத்துவிட்டுச் சில நாள் கவனியுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட்டில் நீங்களே கைவைக்க நேர்ந்தால், தொடும் பகுதியை முன்னதாக ‘எக்ஸ்போர்ட்’ செய்து வைத்துக்கொள்ளுங்கள். ‘அப்பர் ஃபில்டர்ஸ்’ மதிப்பில் ஆன்டிவைரஸின் வரியை மட்டும் எடுத்து, ‘கேபிடி கிளாஸ்’ வரியை அப்படியே விட்டுவிடுங்கள்.

நீக்கற் கருவியும் பயனளிக்காவிடில், அதே ஆன்டிவைரஸின் அதே பதிப்பை மறுபடி நிறுவி, முறையாக மீண்டும் நீக்கிப் பாருங்கள். பாதியில் அறுந்துபோன நீக்கம் பெரும்பாலும் அதனால் பூர்த்தியாகி, டிஃபெண்டர் தானே காவலை ஏற்றுக்கொள்ளும்.